மொட்டைமலை ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

கிரிவலப் பாதை சேதமடைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். போன வாரம் பெய்த மழையில், மொட்டைமலையைச் சுற்றிவரும் பாதை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. படம் எடுத்து எனக்கும் நாலைந்து பேர் அனுப்பினார்கள். கீழே அழுகிற பொம்மை வேறு. எனக்கு அழுகை வரவில்லை. அது சேதமே இல்லை. மலையிலிருந்து ஏரிக்குப் போகிற ஓடை அது. பல வருடங்களாக அடைத்து வைத்திருந்தார்கள். இப்போது திறந்துகொண்டது. அவ்வளவுதான்.

அந்த உடைப்பை அடுத்த பௌர்ணமிக்குள் மூடப் போகிறார்களாம். மூடினால் ஏரிக்குத் தண்ணீர் வராது. தண்ணீர் வராத ஏரி என்று எழுதி, மண் போட்டு நிரவி, பௌர்ணமிக்கு வருகிற கார்களை நிறுத்தும் இடமாக ஆக்கிவிடுவார்கள். அதற்கான பேச்சு ஏற்கெனவே பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து என்னிடம் கட்டுரை கேட்கிறார்கள். நான் வேலை பார்த்த பாசனப் பிரிவுக்கு இப்போது உதவிப் பொறியாளராக இருக்கும் நந்தினி போன் செய்தாள். ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைத் தொகுத்து மலர் போடுகிறார்களாம்.

"மேடம், அந்த மலை ஏரி பத்தி எழுதுங்க. நேச்சர், பேர்ட்ஸ், அந்த மாதிரி. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும் மேடம்."

"பாசிட்டிவா வேணும்னா வேற யாரையாவது கேளு."

"ஐயோ மேடம், நீங்க எது குடுத்தாலும் போடுறோம்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளா என்று பார்க்கிறேன்.

முதலில் அவள் கேட்ட இயற்கையைச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் மொட்டைமலை வரும். பெயருக்கு ஏற்ற மலை. உச்சியில் ஒரு சுனை, ஒரு சின்ன சிவன் கோயில், மற்றபடி வெறும் பாறை. பாறை தண்ணீர் குடிக்காது. மேலே விழுகிற மழை அத்தனையும், ஓட்டுக் கூரையில் விழுந்த மாதிரி கீழே வந்துவிடும். கிழக்குப் பக்கம் மலை மூன்று மடிப்பாக இறங்குகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் ஓர் ஓடை. அந்த மடிப்புகளில் மட்டும்தான் மண் உண்டு. புங்கமும் நாவலும் ஈச்சம்புதரும் அங்கே நெருக்கமாக நிற்கும். பாறையிலிருந்து வேகமாக வரும் தண்ணீர் அந்த வேர்களுக்குள் நுழைந்து, வண்டலை அங்கேயே விட்டுவிட்டு, நிதானமாக வெளியே வரும். மூன்றும் இறங்குகிற இடத்தில் ஏரி.

ஏரிக்கரை வில் மாதிரி வளைந்து, இரண்டு முனையாலும் மலையின் இரண்டு தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. மறுபக்கம் மலையே கரை. மலை மேற்கே இருப்பதால் மதியத்துக்கு மேல் அதன் நிழல் தண்ணீர் மேல் விழும். சுற்றியுள்ள ஏரிகள் பங்குனியில் வெடித்துக் கிடக்கும்போது இதில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும். நானே பார்த்திருக்கிறேன். கருவேல மரங்களுக்கு அடியில் நத்தைகுத்தி நாரை நிற்கும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி, நாம் பார்க்காத இடத்தில் எழும். முதல் வெள்ளம் வரும்போது கெளுத்தி மீன்கள் எதிர்நீச்சல் போட்டு நடு ஓடைக்குள் ஏறும். ஊர் ஜனங்கள் கூடையோடு வந்து நிற்பார்கள். ஏரி நிரம்பினால் தெற்கு முனையில் உள்ள கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்.

இயற்கை முடிந்தது. இனி மனிதர்கள்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பா தறி, அண்ணன் தறி, தெருவே தறி. நான் மட்டும் பாசனப் பிரிவில் வேலைக்குப் போனேன். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். கழிப்பறை கிடையாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள்ளில் நடக்கக் கற்றேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு மேலே உதவிச் செயற்பொறியாளர் ரங்கராஜன் சார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் ஒற்றைத் திருமண் இல்லாமல் அலுவலகத்துக்கு வந்ததில்லை. அவருடைய வேலைமுறை சுத்தமானது. மற்றவர்கள் ஏரியைப் பார்க்கப் போனால் ஜீப் எங்கே நிற்கிறதோ அங்கே ஆரம்பிப்பார்கள். ஜீப் எப்போதும் கலங்கல் பக்கம்தான் நிற்கும். அங்கே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். இவர் இறங்கியதும் மலையைப் பார்த்து நடப்பார்.

"தண்ணி எந்த வரிசையில வருதோ அந்த வரிசையில பாரும்மா. மொதல்ல மலை. அப்புறம் ஓடை. அப்புறம் கரை. கடைசியில கலங்கல்."

மழை நாளில்தான் போவார். குடை பிடிக்க விடமாட்டார். குடை இருந்தால் மேலே பார்க்க மாட்டோம் என்பார். ஓடை ஏரிக்குள் நுழையும் இடத்தில் குனிந்து, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி, நிறத்தைப் பார்ப்பார். செம்மண் நிறமாக இருந்தால் மேலே எவனோ மரம் வெட்டியிருக்கிறான் என்பார். போய்ப் பார்த்தால் வெட்டியிருப்பான். கரையின் வெளிச்சரிவில் கையை வைத்தபடியே நடப்பார். ஈரம் தட்டிய இடத்தில் நின்றுவிடுவார். இதில் எல்லாம் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் மனு கொடுக்க ஆள் வந்தால் அவர் வேறு ஆள். வந்தவர்களை உட்காரச் சொல்வார். டீ வரவழைப்பார். தன் டீயைச் சாஸரில் ஊற்றி ஆறவைத்துக் குடிப்பார். அவர்கள் பேசுவார்கள், கத்துவார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். இவர் கைக்குட்டையை நாலாக மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். அவர்கள் களைத்துப் போனதும், "பார்க்கலாம்" என்பார். முடியும், முடியாது இரண்டும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நல்லது சொல்லவும் அதே பார்க்கலாம், கைகழுவவும் அதே பார்க்கலாம். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

மொட்டைமலைக்குக் கிரிவலம் என்று ஒன்று முன்னால் இருந்ததில்லை. எங்கள் தெருவில் பல குடும்பங்களுக்கு மலைமேல் இருக்கிற சிவன் குலசாமி. வருடத்துக்கு ஒரு முறை போவோம், பொங்கல் வைப்போம், வருவோம். நான் அந்தப் பிரிவில் இருந்தபோதுதான் சண்முகம் மாமா தலைமையில் ஒரு குழு கிளம்பியது. மலையைச் சுற்றிப் பாதை போட்டுப் பௌர்ணமிதோறும் வலம் வருவதென்று முடிவு. சண்முகம் மாமா என் அம்மாவின் தம்பி. எனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர். எனக்கு வரன் பார்த்தவரும் அவர்தான். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் யாரோ ஒருவரோடு சண்டை போடவில்லை என்பதற்காக.

மலையடிவாரத்தில், ஏரிக்கும் மலைக்கும் நடுவே, மூன்று ஓடையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு பாதை உயர்ந்தது. மண் எங்கிருந்து வந்தது? ஏரியிலிருந்தே. ஏரிப் பாசனச் சங்கத்தின் தலைவர் முனுசாமி, சொந்த டிராக்டரில் அள்ளிக் கொடுத்தார். "ஏரியும் ஆழமாவுது, சாமி காரியமும் ஆவுது, நல்லதுதான மேடம்," என்று என்னிடமே சொன்னார். ஓடை வருகிற இடங்களில் தண்ணீர் போகப் பாதைக்கு அடியில் குழாய் போடுவார்கள் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். எல்லாப் பாதையிலும் அப்படித்தான் போடுவார்கள்.

குழாய் போடவில்லை. பாதைக்கும் மலைக்கும் நடுவில் கால்வாய் தோண்டினார்கள். மூன்று ஓடைத் தண்ணீரையும் அதில் பிடித்து, மலையைச் சுற்றி வடக்கே கொண்டுபோய், புதிதாக வெட்டிய ஒரு குளத்தில் விட ஏற்பாடு. குளத்துக்கு மேல் மிஞ்சினால் அது வடக்கேயே ஓடை பிடித்து, திருமுக்கூடல் பக்கம் ஆற்றில் சேர்ந்து, கடலுக்குப் போகும். ஏரிக்கு ஒரு சொட்டுக் கிடையாது.

மாமா வீட்டுக்குப் போனேன். கரண்ட் இல்லாத நேரம். உள்ளே இரண்டு கைத்தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா பட்டு நூல் கற்றையை முழங்காலில் மாட்டிக்கொண்டு சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா குழாய் போடல?"

"வா பாப்பா, உக்காரு. காப்பி சாப்புட்டியா?"

"குழாய் ஏன் போடலன்னு கேட்டேன்."

அவர் நூலைக் கீழே வைக்கவில்லை. "மலையே சாமி. ஒத்துக்கிறியா? சாமி மேல வுழுந்த தண்ணி அபிஷேகத் தண்ணி. கோயில்ல அபிஷேகத் தண்ணி கோமுகி வழியா வெளிய வருது. பிரதோஷத்துல அத்த யாரனா தாண்டுவாங்களா? அது வரிக்கும் போயி திரும்பிப்பாங்க. அப்பிடி இருக்க, ஆயிரம் பேரு அது மேல நடந்து போவலாமா? நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு."

"குழாய்ல அடியிலதான மாமா போவும். கால்ல படாதே."

"அடியில போனா தாண்டறது இல்லன்னு ஆயிடுமா?"

"சரி, ஓடை வரிக்கும் போயிட்டுப் பிரதோஷத்துல பண்ற மாதிரியே திரும்பி வாங்க. ஏரியும் பொழைக்கும், சாஸ்திரமும் பொழைக்கும்."

உள்ளேயிருந்து மாமி சிரித்தார். "பாதி மலைய சுத்துறதுக்கு எவ வருவா? பாதிப் புண்ணியம்தான் கெடைக்கும்னு போர்டு வெச்சிடலாம்."

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்த சிவன் கோயில்லயும் கோமுகி வடக்கால பாத்துதான் இருக்குது. நாங்களும் வடக்காலதான் வுட்டிருக்கோம். முறைப்படி செஞ்சிக்கினு இருக்கோம். இதுல இன்னா தப்பு?"

"இந்த மலைய செஞ்சவரு கெழக்கால வெச்சிட்டாரு மாமா. நீங்க திருத்துறீங்களா?"

தறி நின்றுவிட்டது. நெய்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள். மாமா நூல் கற்றையைச் சுருட்டி வைத்தார். "வேலைக்குப் போனதுல வாய் நீண்டுகினு போச்சி," என்றார். காப்பி வரவில்லை.

நான் ரங்கராஜன் சாரிடம் போனேன். பாதையை ஓடைகளில் வெட்டிவிட்டு, இரு பக்கமும் படி வைத்து, தண்ணீர் இல்லாத நாளில் இறங்கி ஏறட்டும், தண்ணீர் வரும் நாளில் அங்கேயே நின்று கும்பிட்டுத் திரும்பட்டும் என்று வரைந்து கொண்டுபோனேன். அவர் அதை நன்றாகப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். அவருக்கு எல்லாமே புரிந்தது. புரியாதவர் என்றால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

"அப்ப ஆர்டர் போடுங்க சார்."

கைக்குட்டை வெளியே வந்தது. "நான் பெருமாள் கோயில் தெருக்காரன்மா. அவா சிவன் மலைய சுத்தறா. நான் போயி அங்க சுத்தாதே, இங்க வெட்டுன்னா அது வேற மாதிரி ஆயிடும். காஞ்சிபுரம் எப்பேர்ப்பட்ட ஊருன்னு உனக்குத் தெரியாதா? நீ அவங்க பொண்ணு. நீ சொன்னா கேப்பாங்க."

"நான் சொன்னதுக்குக் காப்பி கூட வரல சார்."

"பார்க்கலாம்," என்றார்.

ஐப்பசியில் மழை வந்தது. நல்ல மழை. நான் குடை இல்லாமல் போய் நின்றேன். நடு ஓடை பாறையிலிருந்து வெள்ளையாக இறங்கி, மரங்களுக்குள் புகுந்து, வெளியே வந்து, பாதையில் முட்டி, இடதுபக்கம் திரும்பி, வடக்கே ஓடியது. அந்தப் பக்கம் குளம் அன்றைக்கே நிரம்பிவிட்டது. ஜனங்கள் கற்பூரம் ஏற்றினார்கள். சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று ஒருவர் படம் பிடித்தார். இந்தப் பக்கம் ஏரியில் மண் அள்ளிய பள்ளங்களில் மட்டும் குட்டை குட்டையாகத் தண்ணீர். கெளுத்திக்காகக் கூடையோடு வந்த பெண்கள் கரைமேல் நின்று பார்த்துவிட்டுக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த மழையில் முனுசாமி ஆட்களோடு கடப்பாரை கொண்டு வந்தார். அவருடைய ஊரில் நாற்று விட்டாயிற்று. ஏரி நிரம்பாவிட்டால் நடவு கிடையாது. தகவல் போய், மாமாவின் வேனும் வந்து சேர்ந்தது. பாதைமேல், நடு ஓடைக்கு நேராக, இரண்டு பக்கமும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"ஒங்க சாமிக்கு நல்லா குளிப்பாட்டினீங்க," என்றார் முனுசாமி. "எங்க ஏரியத் தொடச்சி வுட்டீங்க. மண்ணு எங்குளுது, டிராக்டரு எங்குளுது, ஆப்பு மட்டும் எங்களுக்கா?"

"முனுசாமி, நீயும் கும்புடற சாமிதான்யா."

"கும்புடறேன். கும்புட்டுக்கினு பட்டினி கெடக்கச் சொல்றியா? நீங்க பொடவ நெய்யறீங்க. மழ பெஞ்சாலும் நெய்வீங்க, காஞ்சாலும் நெய்வீங்க."

"பாதையில கை வெக்கணும்னா என்ன வெட்டிப்போட்டுத்தான் வெக்கணும்," என்றார் மாமா. அவரும் மாமியும் வேனில் கூட வந்தவர்களும் பாதையில் உட்கார்ந்தார்கள். சிலர் எனக்குச் சித்தப்பா முறை, சிலர் அண்ணன் முறை.

நான் ரங்கராஜன் சாருக்குப் போன் செய்தேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை, லீவில் இருக்கிறேன் என்றார். நிலைமையைச் சொன்னேன். "பார்க்கலாம்மா," என்றார். வைத்துவிட்டார்.

அங்கே அரசாங்கம் என்று நின்றது நான் ஒருத்திதான். ஏரிக்கு வரும் தண்ணீரை எவன் அடைத்தாலும் அடைப்பை எடுப்பது பிரிவு அலுவலரின் வேலை, அதாவது என் வேலை. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. முனுசாமியைப் பார்த்து, "வெட்டுங்க," என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். "பாப்பா," என்றார்.

"எழுந்திரிங்க மாமா. கீழ வெள்ளம் இழுத்துக்கும். எல்லாரும் எழுந்திரிங்க."

முதலில் மாமி எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வடக்குப் பக்கம் ஒதுங்கினார்கள். மாமா கடைசியில் எழுந்தார். கடப்பாரை கால்வாய்ச் சுவரில் இறங்கியது. ஒரு கல் புரண்டதும் தண்ணீர் அந்த இடுக்கைக் கண்டுபிடித்துக்கொண்டது. அதற்கு மேல் மனிதன் செய்ய வேண்டிய வேலை அதிகமில்லை. மேலே பதித்த சிமெண்ட் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. பாதை இரண்டானது. தண்ணீர் ஏரிக்குள் விழுந்தது. முனுசாமியின் ஆட்கள் கடப்பாரையை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேன் தெற்குப் பக்கம் நின்றது. மாமா வடக்குப் பக்கம். தண்ணீர் முழங்காலளவுதான், கைபிடித்துக் கடக்க முனுசாமியே ஆள் அனுப்பினார். மாமா வேண்டாம் என்று கையசைத்தார். கோமுகியைத் தாண்டமாட்டேன் என்று சொன்னவர் தாண்டவில்லை. அந்த மழையில், அந்த வயதில், மலையை மறுபக்கமாகச் சுற்றி நடந்து வந்து வேனில் ஏறினார். அவர் பொய்யான ஆள் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை போடுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அந்த வருடம் ஏரி முக்கால் நிரம்பியது. முனுசாமியின் ஊரில் நடவு நடந்தது. தை பிறந்ததும் குழு வந்து உடைப்பை மூடியது. இந்த முறை கான்கிரீட் சுவர். நான் அங்கே இல்லை. என்னை வரைபடப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. மாற்றல் உத்தரவைக் கொடுத்தவர் ரங்கராஜன் சார்தான். டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏரியில் சீமைக் கருவேலம் முளைத்தது. ஏரித் தண்ணீரில் விளைந்த ஆயக்கட்டு நிலங்களில் கலர் கொடி நட்டு மனை போட்டார்கள். முனுசாமி போய்ச் சேர்ந்தார். அவர் மகன் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறான். நம் துறையில் என் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலங்கல் பக்கம் ஜீப்பை நிறுத்தி, வறண்ட ஏரியைப் பார்த்து, நீர்வரத்து இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். தலையைத் தூக்கி மலையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வரத்து இல்லாமல் இல்லை. வரத்தை அடைத்திருக்கிறார்கள்.

இப்போது மழையே அந்தச் சுவரைத் தள்ளிவிட்டது. அதே நடு ஓடையில். நேற்று பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். நந்தினியும் வந்தாள். ஏரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது. மலையிலிருந்து இன்னும் வந்துகொண்டும் இருக்கிறது. மனைகளுக்கு நடுவே இன்னும் நிலம் வைத்திருக்கிற நாலு குடும்பம் ஏர் ஓட்ட ஆரம்பித்திருக்கிறது. ஒரு பெண், முனுசாமிக்குத் தங்கை முறையாம், என்னிடம் வந்து, "இந்தத் தண்ணி நிக்குமாம்மா, நம்பி வெத வுடலாமா?" என்று கேட்டாள். நான் நந்தினியைப் பார்த்தேன். அவள் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்தாள்.

"கமிட்டில லாரி சொல்லிட்டாங்க மேடம்," என்றாள் பிறகு. "பௌர்ணமிக்கு முன்னாடி மூடணும்னு மேல இருந்து பிரஷர். நான் ஸ்டாப் பண்ணா என்ன டிரான்ஸ்பர் பண்ணிடுவாங்க. பாப்பாவுக்கு ஸ்கூல் இங்க."

நந்தினி, உன்னை நான் திட்டவில்லை. உன் குழந்தை இங்கேயே படிக்கட்டும். உடைப்பை மூட அனுமதித்து நீ கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணிடம் விதை விடச் சொல்லிவிட்டேன்.

லாரி வருகிற அன்று அந்த உடைப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். மண்ணை என்மேல் கொட்டட்டும். எங்கள் தெருக்காரர்கள் வருவார்கள், அழைத்துப் பார்ப்பார்கள், திட்டுவார்கள். மாமாவுக்கு இப்போது நடக்க முடியவில்லை, அவரை வண்டியில் கொண்டுவந்தாலும் கொண்டுவருவார்கள். வரட்டும். வந்தால் பேசுவதற்கு எனக்கும் நிறைய இருக்கிறது. நான் ஓய்வு பெற்றவள். என்னை இனிமேல் யாராலும் எங்கேயும் மாற்ற முடியாது.